வாலைத் தூக்கிப் பாருங்கள், பிறகு முயலைக் குறை சொல்லலாம்

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் வீட்டை ஒட்டி 7 பெண், 3 ஆண் என்று ஒரு யூனிட் முயல் வளர்க்கிறேன். மற்றவை குட்டி போட்டுவிட்டன. வெள்ளை ஜெயன்ட் இன முயல் ஒன்று மட்டும் 11 மாதம் ஆகியும் ஆணை அண்ட விடுவதில்லை. அதன் கூண்டுக்குள் ஆணை விட்டால் உறுமுகிறது, கடிக்கிறது. இல்லையென்றால் வாலை அழுத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரு வாரம் ஒரே கூண்டில் விடலாமா? ஊசி ஏதும் உண்டா? பண்ணையிலிருந்து கழித்துவிடுவதே மேலா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே ஒரு தவறு தெரிகிறது. அதன் கூண்டுக்குள் ஆணை விடுகிறீர்கள். பெண் முயலுக்குத் தன் கூண்டு தன் எல்லை. உள்ளே வருவது யாராக இருந்தாலும் விரட்டத்தான் பார்க்கும். ஆணும் புது இடத்துக்கு வந்ததும் மூலை மூலையாக மோந்து, தாடையைத் தேய்த்து அடையாளம் வைப்பதிலேயே நேரத்தைப் போக்கிவிடும். எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி முரண்டு இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது, பருவம். மாடு வளர்த்துப் பழகியவர்கள் 21 நாளுக்கு ஒரு முறை கத்தும், கோழை ஒழுகும் என்று முயலிடமும் காத்திருக்கிறார்கள். முயலுக்கு அந்தக் கணக்கு இல்லை. இணை சேர்ந்த பிறகுதான், ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளியாகும். அதற்காக எந்த நாளும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாள் இணங்கும், பிறகு இரண்டு மூன்று நாள் மறுக்கும்; இந்தக் கணக்கும் முயலுக்கு முயல் மாறும். காலண்டரை விடப் பிறப்புறுப்பின் நிறமே நம்பகமானது.

முயலை மடியில் மல்லாத்தி, பின்பகுதியைத் தாங்கிப் பிடித்து, வாலை விலக்கிப் பாருங்கள். வெளிறிய ரோஸ் நிறத்தில் வறண்டு இருந்தால் அன்று ஆணிடம் கொண்டுபோவது வீண் வேலை. நன்றாகச் சிவந்து, சற்று வீங்கி, ஈரமாக இருந்தால் அன்றே சேர்க்கலாம். ஊதா கலந்து கறுத்திருந்தால் பருவம் கடந்துகொண்டிருக்கிறது. முயன்று பார்க்கலாம், உறுதியில்லை. தினமும் காலையில் தீவனம் வைக்கும்போது பார்த்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பத்து நாளில் உங்கள் முயலின் போக்கு பிடிபட்டுவிடும்.

சிவந்திருக்கும் நாளில், வெயில் ஏறும் முன்போ சாய்ந்த பிறகோ, ஆணின் கூண்டிலிருந்து தீவனத் தட்டை எடுத்துவிட்டுப் பெண்ணை விடுங்கள். அங்கேயே நில்லுங்கள். இணங்கினால் முதுகை நீட்டி, பின்பகுதியை உயர்த்தித் தரும். சேர்க்கை சில நொடிகளில் முடிந்து, ஆண் ஒரு சின்ன ஒலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும். விழவில்லை என்றால் சேரவில்லை என்றே வையுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டமும் சண்டையுமாகப் போனால் எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள். சேர்ந்துவிட்டால் ஆறேழு மணி நேரம் கழித்து அதே ஆணிடம் இன்னொரு முறை விடுவது நல்லது. சினை பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

இனி உங்கள் முயலிடம் நான் முதலில் சந்தேகப்படுவது கொழுப்பைத்தான். 11 மாதமாகக் குட்டியும் இல்லை, பாலும் இல்லை. மற்றவற்றுக்குப் போடும் அதே அளவு அடர்தீவனத்தை இதற்கும் போட்டிருப்பீர்கள். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள். கணுக்கள் தட்டுப்படவே இல்லையென்றால் முயல் கொழுத்துவிட்டது. அடர்தீவனத்தை நாளுக்கு 100 கிராம் அளவுக்குக் குறைத்து, வேலிமசால், முயல்மசால், புல் என்று பசுந்தீவனத்தைக் கூட்டுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள். குடல் ஓட்டம் நின்றால் முயலே போய்விடும். சூபாபுல் தழையையே நம்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் முடி கொட்ட வைப்பதோடு இனப்பெருக்கத்தையும் கெடுக்கும்.

இந்த முயல் இன்னொரு பெண்ணோடு ஒரே கூண்டில் இருக்கிறதா? பெண்ணின் மேல் பெண் ஏறினாலே கருமுட்டை வெளியாகிப் பொய்ச்சினை பிடித்துவிடும்; அதாவது, கரு இல்லாமலேயே சினையானதுபோல உடல் மாறிவிடும். அந்த 16, 17 நாளும் ஆணை அண்ட விடாது. முடியைப் பிய்த்துக் கூடு கட்டக்கூடப் பார்க்கும். முதலில் தனிக் கூண்டு கொடுங்கள். பாதப்புண், காதுச் சொறி, மூக்கொழுகல், பிறப்புறுப்பில் சீழ் ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். கால் வலிக்கிற முயல் முதுகு கொடுக்காது. (மாதக்கணக்கில் 'முரண்டு பிடித்த பெண்' கடைசியில் ஆணாக இருந்த கதை முயல்காரர்களிடம் நிறைய உண்டு. அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

வெயிலும் வெளிச்சமும் தனிக் கதை. கொடைக்கானல் மன்னவனூரிலோ நீலகிரியின் சாண்டிநல்லாவிலோ வளர்ந்த முயல் உங்கள் ஊர் சித்திரை வெயிலுக்குச் சட்டென்று பழகிவிடாது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் நாள்கணக்கில் நீடித்தால் பெண் தீனியைக் குறைத்து இணங்க மறுக்கும். ஆணுக்கோ விந்தின் தரமே கெட்டு, தேற இரண்டு மாதம் வரை ஆகும். கூரைமேல் தென்னங்கீற்று, சுற்றிலும் ஈரச் சாக்கு, காற்றோட்டம் ஆகியவை உதவும். மழை, பனி மாதங்களில் சிக்கல் வேறு: டிசம்பரில் நம் பக்கம் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், முயலுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஒரு எல்இடி பல்பை இரவு ஒன்பது வரை எரியவிட்டால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுத்தால் கூண்டை மாற்றிப் பாருங்கள். ஓர் இரவு பெண்ணை ஆணின் கூண்டிலும் ஆணைப் பெண்ணின் கூண்டிலும் விட்டு, காலையில் ஆணை அதன் கூண்டுக்கே கொண்டுவந்தால், வாசனைக்குப் பழகிய பெண் பல நேரம் இணங்கிவிடும். கையால் பிடித்துச் சேர்ப்பதும் உண்டு. ஒரு கையால் தோள்பட்டைத் தோலைப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பின்பகுதியைத் தூக்கிக் காட்ட வேண்டும். எனக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. செய்வதானால் நன்றாகச் சிவந்திருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். வெளிறியிருக்கும்போது கட்டாயப்படுத்தினால் முயலுக்கு மிரட்சிதான் மிஞ்சும்.

ஒரு வாரம் ஒரே கூண்டில் விடுவது வேண்டவே வேண்டாம். ஆணின் விதைப்பையைக் கடித்துக் குதறிய பெண் முயல்கள் உண்டு. சேர்ந்தாலும் தேதி தெரியாது, குட்டி போடும் பெட்டியை நேரத்துக்கு வைக்க முடியாது. ஒரு நாள் கம்பித் தரையில் குட்டிகள் விறைத்துக் கிடக்கும். ஊசி உண்டு, ஆனால் அது கருமுட்டையை வெளியேற்றவே தவிர, ஆணிடம் இணங்க வைக்க அல்ல. செயற்கைக் கருவூட்டல் செய்யும் பெரிய பண்ணைக்கு அது பொருந்தும். ஒரே ஒரு முயலுக்காக அதில் இறங்க வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் போடவும் வேண்டாம்.

கழிப்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். எடையைக் குறைத்த பிறகு, வேறு வேறு ஆணிடம், சிவந்த நாள்களில் மூன்று முறை முயன்றும் பலனில்லை என்றால் கழித்துவிடலாம். வயது ஏற ஏற முதல் ஈற்றுக்கு முயலைக் கொண்டுவருவது கடினம், அதனால் இதை ஆறு மாதம் இழுக்காதீர்கள். சேர்ந்துவிட்டால் தேதியை எழுதிவைத்து, 12 முதல் 14 நாளுக்குள் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பாருங்கள். திராட்சை போல வழுக்கிக்கொண்டு போகும் உருண்டைகள் தட்டுப்பட்டால் சினைதான். கெட்டியாக, சின்னதாக இருப்பவை புழுக்கை. 28ஆம் நாள் தேங்காய் நாரும் வைக்கோலும் போட்ட பெட்டியை உள்ளே வையுங்கள். 31ஆம் நாளையொட்டிக் குட்டி போடும்.