டிசம்பர் பிள்ளைக்கு எப்போது பள்ளி?

கேள்வி: என் மகன் 2023 டிசம்பர் 28-ல் பிறந்தான். 2026 ஜனவரியில் நர்சரி ஒன்றில் போடலாம் என்கிறார் கணவர். மாமியாரோ, தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'எட்டவே இல்லை, இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கட்டும்' என்கிறார். அவர்தான் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். இப்போது தள்ளிப்போட்டால் தொடக்கநிலை ஒன்றும், அதாவது ஒன்றாம் வகுப்பும், தள்ளிப்போகுமா?
- சிங்கப்பூர், செங்காங் வாசகி

பதில்: போகாது. இந்த இரண்டையும் நிறையப் பேர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தொடக்கநிலை ஒன்றுக்கு, ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே செட். பையன் ஐந்து நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் கதையே வேறு! சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் 2030-ல் போயே ஆக வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. வளர்ச்சியில் தாமதம் போன்ற காரணம் இருந்தால் கல்வி அமைச்சிடம் கேட்கலாம், டிசம்பரில் பிறந்ததெல்லாம் காரணமாகாது.

ஆனால் அந்தச் சட்டம் பாலர் பள்ளிக்குக் கிடையாது, நர்சரி உங்கள் விருப்பம்தான். 'மூன்று வயதில் நர்சரி ஒன்று' என்பது அந்த வருடத்துக்குள் மூன்று முடிகிற பிள்ளைகளுக்கு. ஜனவரியில் உங்கள் பையனுக்கு இரண்டு முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

என் மகள் நவம்பர். புளோக்குக்குக் கீழேயே பாலர் பள்ளி, அதனால் இரண்டு வயதிலேயே சேர்த்துவிட்டேன். மாலையில் கூட்டிவரப் போனால் சட்டையில் மத்தியானச் சோறு காய்ந்திருக்கும், ஈரக் கால்சட்டை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு இருக்கும். 'மூச்சா, மூச்சா' என்று சொல்லித்தான் இருக்கிறாள், தமிழ் தெரியாத ஆசிரியருக்கு அது என்னவென்று எப்படிப் புரியும்? ஒரு மாதம் இப்படியே போனது.

மாமியாரின் காதுக் கணக்கு நம் ஊரில் ஒன்றாம் வகுப்புக்குப் பார்த்தது. அதன்படி நின்றால் ரெண்டு வருஷமெல்லாம் போதாது! ஆனால் அவருக்கு உடம்பு நன்றாக இருந்து, ஆசையாகவும் பார்த்துக்கொள்கிறார் என்றால் 2026 வீட்டிலேயே போகட்டும். 2027-ல் நர்சரி இரண்டில், அரை நாள் வகுப்பாகப் பாருங்கள். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளே கே1-ல்தான், அதாவது ஐந்து வயதாகும் வருடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அதுவே மாமியாருக்கு முட்டி வலி, உங்களுக்கு வேலை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் பிள்ளையின் பக்குவத்தைவிட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயரை மட்டும் காத்திருப்புப் பட்டியலில் இப்போதே கொடுத்து வையுங்கள், தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்புறம், எப்போது சேர்த்தாலும் 'டாய்லெட்' என்ற சொல்லை முன்பே பழக்கிவிடுங்கள்.