லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லையே ஆச்சி!

(கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி, வாசகர்களின் வியாபாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆச்சி, வீட்டில் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை போட்டு விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் 4,200 பேர் பின்தொடர்கிறார்கள். லைக்குக்குக் குறைவில்லை, ஆனால் மாதம் பத்து ஆர்டர்கூடத் தேறவில்லை. பத்தாயிரம் பேர் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்துக்கு எண்ணெய் டின் வாங்கிப் போடுங்கள். காசுக்கு வருகிற கணக்குகளில் பாதிக்கு ஆளே இருக்காது, எங்கே தேன்குழல் தின்னப் போகிறது!

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். தட்டில் அழகாக அடுக்கி, சினிமாப் பாட்டுப் போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஊர் என்று இல்லை, போன் நம்பர் இல்லை. விலைக்கு 'டிஎம் செய்யவும்', அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். கேட்காமலே போய்விடுவார்கள். அரைக் கிலோ என்ன விலை, என்ன எண்ணெய், எத்தனை நாள் கெடாது, எந்தக் கிழமை கூரியர் போடுவீர்கள், இவ்வளவையும் எழுதிவிடுங்கள். உணவு விற்பதற்கு அரசு தருகிற எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவின் 14 இலக்க எண்ணும் தெரியட்டும்.

அப்புறம், பாட்டை நிறுத்துங்கள். மணகோலத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வருமே, அந்தப் பதத்தை நான் ஒருநாள் சும்மா வீடியோ எடுத்துப் போட்டேன். அடுப்படி சுவரில் கரி, என் கையில் மாவு, வெளிச்சம்கூடச் சரியில்லை. சிங்கப்பூரில் இருக்கிற ஓர் ஆச்சி, 'எங்கப்பத்தா இப்படித்தான் போட்டுப் பார்ப்பாக' என்று எழுதி, கையோடு நான்கு கிலோவுக்கு ஆர்டரும் கொடுத்தார். தட்டு நிறையப் பலகாரம் எல்லாரும்தான் காட்டுகிறார்கள்.

விளம்பரத்துக்குக் காசு போடுவதானால் ஊரைப் பார்த்துப் போடுங்கள். நான் முதன்முதலில் 500 ரூபாய் கட்டியது வெள்ளைப் பணியார வீடியோவுக்கு. ஊரைக் குறிக்காமல் தமிழ்நாடு முழுக்க விட்டுவிட்டேன். சென்னை, கோயம்புத்தூர் என்று போன் ஓயவில்லை. சுடச்சுடத் தின்னவேண்டிய பணியாரத்தை எந்தக் கூரியரில் அனுப்புவது? அன்றைக்குப் பூராவும் மன்னிப்புக் கேட்டே தொண்டை கட்டிப்போயிற்று. இப்போது பணியாரம், சீயம் என்றால் காரைக்குடியைச் சுற்றி மட்டும். நாள்பட நிற்கிற சரக்கு என்றால்தான் வெளியூர்.

உண்மையில் எனக்கு ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில்தான். வாட்ஸ்அப் பிசினஸை இறக்கி, அதில் கேட்டலாக் என்று இருப்பதில் படமும் விலையும் ஏற்றி வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும். இது தெரியாமல் ஒரு வருஷம் யாருக்கும் போகாத செய்தியை நான் அனுப்பிக்கொண்டிருந்தேன்! இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் 'இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன்.

திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறதல்லவா, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாள் மறந்துபோகும். திருக்கார்த்திகை முடிந்த மறுநாளே நோன்புத் தேதியை ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். பலகாரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் ஆர்டர் வரும்.

கேள்வி: தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை எங்களுடையது. வீடியோ எடுத்துப் போடலாம் என்றால், 'தொழிலைத் திருடிவிடுவான்' என்று அப்பா போனைத் தொடவே விடுவதில்லை.
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, அப்பாவின் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். கலவை அளவையும் புது டிசைனையும் காட்டாதீர்கள். ஆனால் கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டை ஊற்றுகிற கை நிதானம் பார்த்தவுடன் வந்துவிடுமா? பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமென்றால் நீங்களே இதற்குள் மேஸ்திரி ஆகியிருப்பீர்களே! தண்ணீரில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி விலகி, பூ பளிச்சென்று தெரிகிற நொடி இருக்கிறதே, அதை மட்டும் முதலில் எடுங்கள். முகம் வேண்டாம், அப்பாவின் கை போதும். போடுமுன் அவரிடம் காட்டிவிடுங்கள்.

வீடு கட்டுபவருக்குத் தனிக் கல்லைவிடத் தளம் போட்ட கூடத்தைப் பார்க்கவேண்டும். பதித்த வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலை வெயிலில் எடுங்கள். சதுர அடி விலையும், லாரி வாடகை தனி என்பதும் கூடவே இருக்கட்டும். கைவேலை, கல்லுக்குக் கல் நிறம் லேசாக மாறும் என்பதை ஆர்டருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால், சரக்கு இறங்கியபின் சண்டை வராது.

கேள்வி: 'மாவுருண்டை தூளாக வந்து சேர்ந்தது' என்று ஒருவர் கமெண்ட் போட்டுவிட்டார். அழித்துவிடலாமா ஆச்சி?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: அழித்தால் அவர் இன்னும் பத்து இடத்தில் போடுவார். எனக்கும் இதே மாவுருண்டையில்தான் நடந்தது. பெட்டியைக் கூரியரில் எப்படித் தூக்கிப் போட்டார்களோ, உருண்டை ஒன்றுகூட மிச்சமில்லை. 'தப்பு என் பேக்கிங்கில்தான், நாளைக்கே வேறு அனுப்புகிறேன்' என்று அந்தக் கமெண்டுக்குக் கீழேயே எழுதினேன். மறுநாள் உருண்டைகளைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் இடைவெளியில்லாமல் அடுக்கி, அதையும் படம் எடுத்து அங்கேயே போட்டேன். அதே மனிதர் அடுத்த தீபாவளிக்கு அலுவலகம் முழுவதற்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். அந்தக் கமெண்ட் இன்னும் அப்படியே கிடக்கிறது.