எழுதித் தரப்படும்

அன்புள்ள ஐயா,

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே எழுதித் தரும் தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். ‘கட்டுரை, விளம்பரம், மொழிபெயர்ப்பு அனைத்தும் எழுதித் தரப்படும்’ என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப் குழுக்களிலும் போட்டேன். விசாரிப்பவர்கள் எல்லாரும் ‘முதலில் ஒன்று சும்மா எழுதிக் காட்டுங்கள்’ என்கிறார்கள். இணையத்தில் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளத்தில் கணக்கு தொடங்கலாமா? காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா? அண்ணனின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ச., கோவை

அன்புள்ள ச.,

கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

எழுத்தாளர் வேண்டும் என்று எந்த முதலாளியும் தேடிக்கொண்டு இருப்பதில்லை. பொருட்காட்சி நெருங்குகிறது, கேட்லாக் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, டிசைனர் ‘மேட்டர் எங்கே சார்’ என்று போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். முதலாளியின் தலைவலி இதுதான். அந்த நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் அந்த டிசைனரும் அச்சகக்காரரும்தான். மேட்டர் வராததால் அவர்கள் பில்லும் நிற்கிறது. ஆகவே முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். விளம்பரச் செலவு வேண்டாம்.

ஆனால் ‘எல்லாம் எழுதுவேன்’ என்று போய் நின்றால் அவர்கள் மனதிலும் நிற்க மாட்டீர்கள். ‘பம்ப்செட் கம்பெனிகளுக்கு எழுதுகிறவர்’ என்றால் நிற்பீர்கள். நீங்கள் இருப்பது கோவை. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர். அண்ணனின் பட்டறைக்கு எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயி என்ன கேட்கிறார், எதற்குத் திட்டுகிறார் என்பது உங்கள் காதிலேயே விழுகிறது. சென்னையில் இருக்கும் விளம்பர ஏஜென்சிக்கு இது கிடைக்காது.

ஜூலை வாக்கில் உங்கள் ஊர் கொடிசியா வளாகத்தில் ‘அக்ரி இன்டெக்ஸ்’ விவசாயப் பொருட்காட்சி நடக்கும். போய் பம்ப் கம்பெனி நோட்டீஸ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் ‘உலகத் தரம், நவீன தொழில்நுட்பம், நீடித்த உழைப்பு’ என்று இருக்கும். எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். வாங்க வருகிறவர் கேட்பது வேறு. என் போர் இத்தனை அடி, இதற்கு எத்தனை ஹெச்பி போட வேண்டும்? வோல்டேஜ் குறைந்தால் ஓடுமா? காயில் போனால் இங்கேயே கட்டிக்கொள்ளலாமா, கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமா? இறக்குவதற்கு முன் மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டிய மாடல் என்றால், அது நோட்டீஸில் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். நிரப்பாமல் இறக்கிய மோட்டார்தான் பிறகு அண்ணனிடம் வருகிறது!

அதில் ஒரு நோட்டீஸை எடுத்து, அரைப் பக்கம் மட்டும் திருத்தி எழுதுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே தாளில் போட்டு, அந்தக் கம்பெனியில் விற்பனையைப் பார்ப்பவரிடம் நேரில் கொடுங்கள். விவரம் விட்டுப்போன இடத்தில் நீங்களாக எண்களைப் போட்டுவிடாதீர்கள். காலியாக விட்டு, ‘இதைக் கேட்டு நிரப்ப வேண்டும்’ என்று குறியுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்று அப்போதே புரிந்துவிடும்.

இதுவும் சும்மா எழுதுவதுதானே என்பீர்கள். இல்லை. யாருக்கு, எவ்வளவு என்று முடிவு செய்வது நீங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் பெயரை மறைத்து அடுத்த இடத்தில் காட்டலாம். ஆயிரம் சொல் கட்டுரையை ‘மாதிரிக்கு’ கேட்கிறவர், பத்துப் பேரிடம் அப்படி வாங்கி மாத வேலையையே முடித்துக்கொள்கிற ஆளாகவும் இருக்கலாம். அவரிடம் இந்த அரைப் பக்கத்தைக் காட்டுங்கள், போதும்.

ஃபைவர்? தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் நூறு ரூபாய் வேலையில் இருபது ரூபாய் அவர்களுக்குப் போகும். தமிழில் எழுதுகிறவருக்கு அதுவே முதல் வழியாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பணம். சொல்லுக்கு இத்தனை பைசா என்று பேசினால் நோட்டீஸ் வேலையில் நஷ்டம்தான். அதில் சொல் குறைவு, விசாரிப்பு அதிகம். வேலைக்கு இவ்வளவு என்று சொல்லி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் வாட்ஸப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். பில்லின் அடியில் பதிவு எண்ணைப் போட்டால், அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.