லினக்ஸ் கணினிக்கு எந்த வைஃபை அடாப்டர் வாங்கலாம்?

கேள்வி: மாடியில் உள்ள என் மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன். மோடம் கீழே ஹாலில் இருக்கிறது, வயர் இழுக்க வழியில்லை. கடையில் ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டரைக் காட்டி, "லினக்ஸ்லயும் ஓடும் சார், அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கு" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அட்டையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பல நேரம் அந்த 'லினக்ஸ்' என்ற சொல்லுக்கு, நிறுவனத்தின் தளத்தில் எப்போதோ எழுதிய டிரைவர் (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) ஒன்று கிடக்கிறது, நீங்களே இறக்கிக் கம்பைல் செய்துகொள்ளுங்கள் (மூல நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்) என்றுதான் பொருள். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் அப்டேட் முடித்துக் கணினியைத் திறந்தால், வைஃபை பட்டியலையே காணோம். புதிய கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தப் பழைய டிரைவர் கம்பைல் ஆகவில்லை. சரிசெய்ய இணையம் வேண்டும், இணையமோ அந்த அடாப்டர் வழியாகத்தான் வர வேண்டும்! ஃபோனை யூஎஸ்பி வயரில் செருகி, டெதரிங் (ஃபோனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) போட்டுத்தான் மீண்டேன். இந்த வழியை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும்.

அதனால் கடைக்காரரிடம் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். அந்தச் சிப்புக்கான டிரைவர் கர்னலிலேயே இருந்தால் செருகியதும் ஓடும், அப்டேட்டுக்கும் பயப்பட வேண்டாம். யூஎஸ்பியில் என் முதல் தேர்வு மீடியாடெக். எம்டி7612யூ சிப்புக்குக் கர்னல் 4.19 முதலும், வைஃபை 6 தரும் எம்டி7921ஏயூ சிப்புக்கு 5.18 முதலும் டிரைவர் உண்டு. மின்ட் 22 வந்ததே 6.8 கர்னலோடுதான், எனவே இரண்டும் தாராளமாக ஓடும். மலிவான பல அடாப்டர்களில் இருக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயூ சிப்புக்கோ 6.8க்குப் பிறகு வந்த கர்னல்களில்தான் டிரைவர் சேர்ந்தது. உங்களுக்கு அது வேண்டாம்.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் சிப் மாறிவிடும், கவனம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் வெர்ஷனில் லினக்ஸுக்கு நன்றாக ஒத்துப்போகும் ஏதரோஸ் சிப் இருந்தது, இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக் வந்துவிட்டது. அட்டையின் பின்பக்கம், பார்கோடு அருகே பொடி எழுத்தில் வெர்ஷன் எண் இருக்கும். அதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, உங்களுடையது மேசைக் கணினி ஆயிற்றே, மதர்போர்டில் பிசிஐஇ ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) காலியாக இருக்கிறதா? இருந்தால் யூஎஸ்பியை விட்டுவிட்டு இன்டெல் ஏஎக்ஸ்210 பொருத்திய கார்டு வாங்குங்கள் என்பேன். கர்னல் 5.10 முதல் டிரைவர் இருக்கிறது, ஆன்டெனா வெளியே நிற்பதால் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். புளூடூத் வேண்டுமென்றால் கார்டோடு வரும் சின்ன வயரை மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் செருக மறக்காதீர்கள். ஏஎக்ஸ்211 என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது அதற்கென்றே அமைந்த இன்டெல் போர்டுகளில்தான் ஓடும்.

யூஎஸ்பிதான் என்றால் கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, அடாப்டரை மேசைமேல் வையுங்கள். கணினியின் பின்னால் யூஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு நடுவே செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கெடும். வீட்டுக்கு வந்ததும் டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை கொடுத்துப் பாருங்கள், பிசிஐஇ கார்டுக்கு 'எல்எஸ்பிசிஐ' (lspci). கடையில் சொன்ன சிப் அங்கே தெரியவில்லையென்றால், அட்டையைக் கிழிக்காமல் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.