மாமியார் வந்தால் மாத்திரை நிற்குமா?

கேள்வி: வர்ஜீனியாவில் ரிச்மண்ட் பக்கம் பல வருடமாக இருக்கிறோம். மகனுக்கு 16 வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் போன வருடத்திலிருந்து யாரோடும் பேசாமல் ஒதுங்கிவிட்டான். ‘டானி டார்க்கோ’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். முயல் முகமூடி போட்ட ஒரு கோர உருவம் ஒரு பையனிடம் வந்து, உலகம் அழியப்போகிறது என்கிறது. கடைசியில் அந்தப் பையன் செத்துப்போகிறான். அந்த முயலின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். “டானி செஞ்சது சரிதாம்மா” என்கிறான். ஊரிலிருந்து மாமியார் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் இருப்பதால் மகனை டாக்டரிடம் அழைத்துப்போக முடியவில்லை, மாத்திரையையும் என் புடவைகளுக்கு அடியில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் ஊருக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிறார் கணவர். மாமியார்கூட அந்த முயலைப் பார்த்துப் பயப்படுகிறார். இந்தப் படத்தால்தான் இவன் இப்படி ஆனானா? படத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. சில சமயம் படத்துக்குப் பதில் ஒரு விளையாட்டு, ஒரு பாட்டுக்காரர், ஒரு சிநேகிதன் என்று வரும். ‘இதனால்தானே பிள்ளை கெட்டான், இதைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடுமா’ என்று முடியும். ஆமாம் என்று நான் சொன்னால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்தத் தூக்கத்தை நான் தரப்போவதில்லை.

முயலைப் பற்றி ஏழெட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் மாமியார் வந்த கதையின் நடுவில், போகிற போக்கில். நான் அந்த வரியைவிட்டு நகரமாட்டேன்.

உங்கள் மகனை ஒரு டாக்டர் பார்த்திருக்கிறார். பேசியிருக்கிறார், மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். அதாவது, அவனுக்கு என்ன என்பது படத்துக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். அந்த மருந்தை நிறுத்தியது டாக்டர் இல்லை. பையனும் இல்லை. நீங்களும் உங்கள் கணவரும். காரணம், பாட்டிக்குத் தெரிந்துவிடக் கூடாது. பார்வையாளர் விசாவில் வருகிற பெரியவர்கள் வழக்கமாக ஆறு மாதம் தங்குவார்கள். இரண்டு மாதம் போய்விட்டது. இன்னும் நான்கு மாதம் உங்கள் பிள்ளையின் மனசு காத்திருக்க வேண்டுமா? மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் அது எங்கே இருக்கிறது? சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கும், வேளை தவறினால் நீங்களே ஓடிப்போய்க் கொடுப்பீர்கள். பேரனுடைய மாத்திரை மட்டும் புடவைக்கு அடியில்.

அதை நீங்கள் ஒளித்ததை அவன் பார்த்தானா? பார்க்காவிட்டாலும் புரிந்துகொண்டிருப்பான். ‘எனக்கு வந்திருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம், சொந்தப் பாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாத விஷயம்’ என்று ஒரு வார்த்தை பேசாமலே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். பிறகு ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை முழுதாகப் பார்க்கவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. முயலும் சாவும் மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் படத்தில் வரும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு செய்தி: அதை எழுதி இயக்கிய ரிச்சர்ட் கெல்லி, நீங்கள் குடியிருக்கிற ரிச்மண்ட் பக்கத்து மிட்லோதியனில் வளர்ந்தவர். இருபத்தைந்து வயதை ஒட்டி எடுத்த முதல் படம். கதை நடப்பதும் வர்ஜீனியாவில்தான், மிடில்செக்ஸ் என்ற கற்பனை ஊரில், 1988 அக்டோபரில். உங்கள் மகன் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மாதிரியான தெரு, புல்வெளி, பள்ளிக்கூடப் பேருந்து.

அதைப் பேய்ப்படம் என்றும் சொல்லலாம், காலப்பயணக் கதை என்றும் சொல்லலாம். பள்ளிக்கூடக் கேலி, காதல், குடும்பக் கதை எல்லாம் அதிலேயே இருக்கிறது. வீட்டின் மேல் ஒரு விமான என்ஜின் விழுகிறது, டானியின் படுக்கையறைக்குள். முயல் அவனை வெளியே கூப்பிட்டதால் அன்றைக்கு அவன் தப்பிக்கிறான். உலகம் முடிய 28 நாள், 6 மணி, 42 நிமிடம், 12 விநாடி என்று முயல் கணக்கும் சொல்கிறது. 2001 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியானபோது, இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விமானத்துண்டு விழுகிற கதையை யார் போய்ப் பார்ப்பார்கள்? 45 லட்சம் டாலரில் எடுத்த படம், அந்த முதல் சுற்றில் அங்கே 5 லட்சம் டாலரைத் தாண்டியதே பெரிய பாடு. அப்புறம் டிவிடியிலும் நள்ளிரவுக் காட்சிகளிலும் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர்கள் இளைஞர்கள்தான். யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. ஏற்கெனவே தனியாக இருந்த பிள்ளைகள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகனும் அப்படித்தான். அவன் ஒதுங்கியது முதலில், படம் பிறகுதான். உங்கள் கடிதத்தின் வரிசையே அதைச் சொல்கிறது.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு சாப்பாட்டு மேஜைக் காட்சி. குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸுக்குத்தான் ஓட்டு என்று சொல்லி அப்பாவைச் சீண்டுகிறாள் அக்கா. பேச்சு வளர்ந்து அக்காவும் தம்பியும் சண்டை போடும்போது அவள் போட்டு உடைக்கிறாள்: ‘மாத்திரையை ஏன் நிறுத்தினேன்னு அம்மா அப்பாகிட்ட சொல்லேன்’ என்கிற மாதிரி. அதாவது, அந்தப் பையன் மாத்திரையைத் தானாக நிறுத்தியிருக்கிறான். பெற்றோருக்கு அது அதிர்ச்சி. அம்மா அவன் அறைக்கே போய், ராத்திரியில் எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். அவன் மோசமான வார்த்தையில் திட்டுகிறான். அதற்காக அவள் அவனைக் கைவிட்டுவிடவில்லை. மனநல டாக்டரிடம் அவன் போவது அந்த வீட்டில் யாருக்கும் ரகசியமில்லை. பின்னால் அந்த டாக்டர் எதிரே அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, மகனைப் பற்றிக் கேட்கவே பயமான விஷயத்தை முழுதாகக் கேட்கிறார்கள்.

இன்னொரு இடத்தில் டானி கேட்கிறான், பைத்தியம் பிடித்த ஒருவனுக்கு அம்மாவாக இருப்பது எப்படி இருக்கிறது என்று. அவள் யோசிக்கவே இல்லை. அருமையாக இருக்கிறது என்கிறாள். அவ்வளவுதான், இரண்டே வரி. உங்கள் மகன் எந்தக் காட்சிக்காக அந்தப் படத்தைத் திரும்பப் போடுகிறான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அதே கேள்வியை இன்றைக்கு அவன் உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? புடவை அலமாரி ஏற்கெனவே ஒரு பதில் சொல்லிவிட்டதே!

அதே படத்தில் ஊரெல்லாம் கொண்டாடுகிற ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வருகிறார். வாழ்க்கை முழுவதையும் ஒரே கோட்டில் அடக்கிவிடுவார், ஒரு முனையில் பயம், மறு முனையில் அன்பு. வகுப்பிலும் டீச்சர் அந்தக் கோட்டைப் போட்டு, இதில் எங்கே என்று குறிக்கச் சொல்கிறார். வாழ்க்கை அவ்வளவு சுலபமில்லை என்று டானி மறுத்துவிடுகிறான். ‘எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்’ என்று நான் எழுதினால் உங்கள் மகன் என்னையும் அந்தப் பேச்சாளரோடு சேர்த்துவிடுவான். அவன் செய்வது நியாயம்தான்.

உங்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, அதை எழுதப் பயந்திருக்கிறீர்கள். ‘டானி செஞ்சது சரிதாம்மா’ என்று அவன் சொன்னதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டீர்கள். டானி கடைசியில் என்ன செய்கிறான்? காலம் அந்த முதல் ராத்திரிக்கே திரும்பிவிட, தான் நேசித்த பெண் உட்படப் பலர் பிழைக்க, என்ஜின் விழப்போகிற அறையில், இந்த முறை வெளியே போகாமல், கட்டிலிலேயே படுத்திருந்து செத்துப்போகிறான். இதை ஒரு வீரனின் தியாகமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நோயுற்ற பையனின் மனக்கற்பனையாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 2004-இல் இயக்குநர் நீளமாக்கி வெளியிட்ட பதிப்பு காலப்பயண விளக்கத்தை இன்னும் அழுத்தமாக வைத்தது. உங்கள் மகன் கதையைத்தான் பேசுகிறானா, இல்லை, தான் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு நல்லது என்று நினைக்கிறானா? இதை நானோ நீங்களோ ஊகிக்கக் கூடாது. அவனிடமே கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல், ‘செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணுதா?’ என்று இதே வார்த்தைகளில். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வீண் பயம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் கண்டது. ஆமாம் என்று சொன்னால் அழவோ அதட்டவோ வேண்டாம், அவனைத் தனியாக விடவும் வேண்டாம். 988 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் எந்த ஊரிலிருந்தும், எந்த நேரத்திலும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிருக்கு உடனே ஆபத்து என்று தோன்றினால் 911.

நாளைக் காலையில் முதல் வேலை, டாக்டர் அலுவலகத்துக்குப் போன். ‘இரண்டு மாதம் முன்பு நாங்களே நிறுத்திவிட்டோம்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். புடவை அடியிலிருந்து எடுத்துப் பழைய அளவில் நீங்களாகவே கொடுக்க ஆரம்பிக்கவும் கூடாது. இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு எந்த அளவில், எப்படி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்து என்றால் இன்னும் கவனம் தேவை. இளம்வயதினருக்கு அதை ஆரம்பிக்கும்போதும் அளவை மாற்றும்போதும் பெரியவர்கள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது. அப்புறம், வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், மாமியாருடையதையும் சேர்த்து. பூட்டி வைப்பது வேறு, ஒளித்து வைப்பது வேறு. பூட்டிய இடத்திலிருந்து வேளைக்கு எடுத்து, எல்லார் எதிரிலும், பாட்டிக்குக் கொடுக்கிற மாதிரியே பேரனுக்கும் கொடுங்கள்.

மாமியாரிடம் சொல்ல வேண்டியது உங்கள் வேலை இல்லை. அது உங்கள் கணவரின் வேலை. அவருடைய அம்மா, அவருடைய மகன். ‘அம்மா போகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்குப் போய்விடுகிறார், வீட்டில் ரகசியத்தைக் காப்பாற்றுவது நீங்கள். இதை நான் கண்டிக்கத்தான் செய்வேன். தாயின் மனம் நோகக் கூடாது என்று நினைப்பது நல்ல மகனின் குணம்தான். அதற்கு விலையாகப் பெற்ற பிள்ளையின் வைத்தியத்தைக் கொடுப்பவரை நல்ல மகன் என்றும் சொல்லமாட்டேன், நல்ல அப்பா என்றும் சொல்லமாட்டேன். சொல்லும்போது மகனையும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளட்டும், பாட்டியிடம் என்னென்ன சொல்லலாம் என்று. 16 வயதுப் பையனின் விஷயம், அவனுக்குத் தெரியாமல் பேசக் கூடாது.

அந்த அம்மாளையும் நீங்கள் இருவரும் குறைத்து எடைபோட்டிருக்கிறீர்கள். ஒரு ஆயுசு வாழ்ந்தவர், சொந்தத்தில் எத்தனையோ பேர் படுத்ததையும் எழுந்ததையும் பார்த்திருப்பார். பேரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தாங்கமாட்டார் என்று யார் முடிவு செய்தது? திருஷ்டி சுற்றுவார், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிவார். செய்யட்டும், மாத்திரையும் நடக்கட்டும். ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிடுவாரே என்பதுதான் உங்கள் பயமென்றால், சொல்லட்டும் என்பதுதான் என் பதில். அந்த நாலு பேர் உங்கள் பிள்ளைக்கு ராத்திரி துணைக்கு வரமாட்டார்கள்.

படத்தைத் தடுக்கலாமா என்று கேட்டீர்கள். தடுக்காதீர்கள். அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ். 17 வயது ஆகாதவர்கள் தியேட்டருக்குப் போனால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். நீங்கள் உட்காருங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். இணையத்தில் விளக்கம் படித்துவிட்டுப் போகாதீர்கள், புரியாத இடத்தில் நிறுத்தி அவனையே கேளுங்கள். ஒரு பாட்டி தினமும் தபால் பெட்டியைப் போய்ப் போய்த் திறந்து பார்க்கிறாளே, ஏன் என்று கேளுங்கள். முயலின் பெயர் என்ன, அது நல்லதா கெட்டதா என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் தன்னிடம் விளக்கம் கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் அவனுக்கு! மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். சுவரில் இருக்கும் படத்தைக் கிழிக்க வேண்டாம்.

வைத்தியம்தான் முதலில், படம் பார்ப்பது அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டாக்டர் கொடுத்த தேதி என்ன, மாமியார் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் கணவர் எழுதினால் இன்னும் நல்லது.