சுவர் ஏறிக் குதிப்பவர்கள்

கேள்வி: பாலியல் விஷயத்தில் மேற்கத்தியத் தத்துவம் மனிதனுக்கு விடுதலை தந்தது, இஸ்லாமியச் சிந்தனை அவனை அடக்கிவைத்தது. இப்போது எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதால் மேற்கு ஜெயித்துவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. வாய்விட்டுப் பேசிவிட்டாலே விடுதலை என்பதை மறுத்தவரே ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதிதான், மிஷேல் ஃபூக்கோ. 1976இல் வெளிவந்த ‘பாலியலின் வரலாறு’ முதல் பாகத்தில் அவர் வைக்கும் வாதம் இது: ஐரோப்பா இந்த விஷயத்தில் வாயைப் பொத்தவில்லை, மனிதர்களைப் பேசவைத்துக்கொண்டே இருந்தது. முதலில் பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியார் கேட்டார். அப்புறம் மருத்துவர் கேட்டார், கேட்டதை எழுதியும் வைத்தார். தன்பாலுறவு, ஒருவர் எப்போதோ செய்த காரியம் என்றிருந்தது, 19ஆம் நூற்றாண்டில் ‘இவர் இன்ன வகை ஆள்’ என்ற முத்திரையாக மாறியது.

இன்று கேட்பது செயலி. 2014இல் ஃபேஸ்புக் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலின அடையாளங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வழி செய்தது. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காமல் தவித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாம் சொன்னது எங்கே போகிறது? தன்பாலீர்ப்பு ஆண்கள் அதிகம் பயன்படுத்தும் கிரைண்டர் (Grindr) என்ற டேட்டிங் செயலி, பயனர்களின் இருப்பிடம் உள்ளிட்ட விவரங்களை முறையான சம்மதம் பெறாமல் விளம்பர நிறுவனங்களுக்குத் தந்தது. அதற்காக 2021இல் நார்வே 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

எகிப்தில் இன்னும் கொடுமை. தன்பாலீர்ப்பாளர்களைப் பிடிக்கப் போலீஸ்காரரே போலிக் கணக்கு தொடங்கிப் பேசிப் பழகி, நேரில் வரச்சொல்லிக் கைது செய்கிறார். தெருவில் நிறுத்திப் போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு. உள்ளே இருக்கும் அரட்டையும் படங்களும்தான் வழக்குக்குச் சாட்சி. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2023இல் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. சமூக ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அதிகாரிகள் காரணம் சொல்கிறார்கள்.

சரி, இஸ்லாமிய மரபு என்ன சொல்கிறது? சட்ட அறிஞர்கள் தன்பாலுறவைப் பாவம் என்றே எழுதிவைத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மரபில்தான், “துருவித் துருவி ஆராயாதீர்கள்” என்ற குர்ஆன் வசனமும் இருக்கிறது. 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ என்ற நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். இஸ்லாமிய அரசின் தலைவராக, அதாவது கலீஃபாவாக இருந்த உமர், ஒருவர் வீட்டுச் சுவரில் ஏறிப் பார்க்கிறார். உள்ளே அந்த மனிதர் தகாத நிலையில் இருக்கிறார். உமர் கண்டிக்க, அவர் திருப்பிக் கேட்கிறார்: “நான் இறைவனுக்கு மாறு செய்தது ஒன்றில், நீங்கள் மூன்றில். துருவாதே என்றான், துருவினீர்கள். வாசல் வழியாக வா என்றான், சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு சலாம் சொல்லி நுழை என்றான், அதையும் செய்யவில்லை.”

தவ்பா செய்துகொள்ள, அதாவது மனம் வருந்தி இறைவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டு, உமர் அவரை அப்படியே விட்டுவிட்டார்.