டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லணுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு வருடமாக இமாட்டினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருக்கிறது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது. போன வாரம் இரண்டு நாள் உடம்பு சுட்டது. பாராசிட்டமால் போட்டதும் விட்டுவிட்டது. அடுத்த செக்கப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அத்தனை கூட்டம் காத்திருக்கும்போது இதையெல்லாம் சொன்னால் டாக்டர் எரிச்சல்படுவாரோ என்று பேசாமல் இருக்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: காய்ச்சலை முதலில் பேசிவிடுவோம், அம்மா. போய்விட்டது, சரி. ஆனால் எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போன் செய்ய வேண்டும். நம் மாத்திரை சிலருக்கு நல்ல வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். குறைந்திருக்கிறதா என்பது ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாராசிட்டமால் சூட்டை இறக்கும், காரணத்தைத் தொடாது. அதனால் அதைப் போடும் முன் அளந்து, எண்ணை எழுதிவையுங்கள். போன வாரக் காய்ச்சலையும் இந்த வாரமே போனில் சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையை முன்னால் வைக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

கண்ணிமை வீக்கமும் சதைப் பிடிப்பும் எனக்குப் பழைய சிநேகிதர்கள். 2009-ல் எனக்கும் இதே நோய் என்று தெரிந்தபோது நான் அரசு பஸ் கண்டக்டர். காலை முதல் டிரிப்பில் ஏறுகிறவர்கள், "என்னண்ணே, ராத்திரி பூரா தூங்கலையா?" என்பார்கள். இமாட்டினிப் சாப்பிடும் பலருக்கும் வருவதுதான், செக்கப்பில் சொன்னால் போதும். ஒன்று, விடியற்காலையில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.யில் உங்கள் முறை வருவதற்குள் வீக்கம் வடிந்து முகம் பளிச்சென்று ஆகியிருக்கும், டாக்டர் நம்பவே மாட்டார். வீக்கம் காலுக்கு இறங்கினாலோ, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேறு கணக்கு. அப்போது ஐந்து வாரம் எல்லாம் கிடையாது.

டாக்டர் எரிச்சல்படுவார் என்பதால் நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். நான் மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பிசிஆர் பரிசோதனையில் எண் இறங்க மறுத்ததால் 2015-ல் எனக்கு டசாட்டினிப் 100 மில்லிகிராம் மாற்றிக் கொடுத்தார்கள். எண் சரசரவென்று இறங்கியது. மறு வருடம் பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசாச்சு, தொப்பை, ரோட்டுப் புழுதி என்று வீட்டில் ஏதேதோ சொன்னேன். உள்ளுக்குள் தெரியும்: சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், எண் மறுபடி ஏறிவிடும். மூன்று வாரம் மறைத்தேன். கடைசியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்கியதைப் பார்த்து என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர். அந்த மாத்திரைக்கு எல்லா டாக்டரும் அறிந்த பக்கவிளைவு அது. சில வாரம் நிறுத்தினார்கள், நீர் வற்றியது, 70 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கினார்கள். எண் ஏறவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "என்னைக்கு ஆரம்பிச்சுது?" என்று மட்டும் கேட்டார். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் நம்பர் குறித்த ஆள் நான், முழித்தேன். அன்று வாங்கிய நாற்பது பக்க நோட்டு இப்போது ஐந்தாவது நோட்டில் நிற்கிறது. தேதி, என்ன, எத்தனை முறை, அவ்வளவுதான். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் டாக்டருக்கும் ஒன்றும் புரியாது. "12-ம் தேதியிலிருந்து நாலு ராத்திரி கால் பிடிச்சுது" என்றால் அரை நிமிடத்தில் வேலை முடியும், வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் நல்லது.

சதைப் பிடிப்புக்குப் பயந்து நடுவில் மாத்திரையை விட்டிருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எண் ஏறியதும் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அது கிட்டத்தட்ட நடந்தது.

அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், கறுத்த மலம், தோலில் திடீரென்று சிவப்புப் புள்ளிகள், நெஞ்சுவலி, பார்வை மங்கல் என்றால் போன்கூட வேண்டாம், மாத்திரை அட்டையையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பி, இடது விலாவுக்குக் கீழே கனத்தால் மண்ணீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அந்த வாரத்துக்குள். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள், இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சிஎல்எல் என்ற, மெதுவாக வளரும் வகை ரத்தப் புற்றுநோய். இப்போதைக்கு மருந்து வேண்டாம், கவனித்து வந்தால் போதும் என்றார்கள். இரவில் வியர்க்கிறது என்கிறார். வெயிலா, நோயா?
- மகன், வேலூர்

பதில்: ஒரே ஃபேனுக்கு அடியில் உங்களுக்கும் வியர்த்தால் வெயில். அவருக்கு மட்டும் பனியனும் விரிப்பும் மாற்ற வேண்டிய அளவுக்கு நனைந்தால், அதுவும் பல நாள் தொடர்ந்தால், டாக்டருக்குச் சொல்லுங்கள். எடையையும் பாருங்கள். 60 கிலோ இருந்தவர் முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினாலோ, கழுத்திலோ அக்குளிலோ கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சிஎல்எல் உள்ளவர்களுக்கு அக்கி வர வாய்ப்பு அதிகம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் வரிசையாக வந்தால், அப்பா அக்கி எழுதிக்கொள்ளத்தான் கிளம்புவார். காவி பூசட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் தொடங்குவதுதான் நல்லது. மருத்துவமனைக்குப் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.